கருந்தோள் பருந்தின் கண்

அவள் வரைந்த பருந்தைப் பார்த்து ஊரிலுள்ள புறாக்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். ஜன்னலோரம் இருந்த இரண்டு புறாக்கள் பறந்தன.

அருங்காட்சியகத்து மாடியறையில் அவள் பறவைகளை வரைந்தாள். கீழே, செத்த பறவைகளுக்குள் பஞ்சடைத்து, கண்ணாடிக் கண் பதித்துப் பாடம் செய்தவர் அவள் கணவர். எல்லாருக்கும் அவர் 'பஞ்சு'. செத்த புலியின் வாய்க்குள் முழங்கை வரை விடுகிறவர். மனைவி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் மட்டும் வெலவெலத்துப்போவார்.

அன்று மதியம் பஞ்சு சாப்பாட்டு டப்பாவோடு மாடியேறினார். மேசைமேல் கருந்தோள் பருந்து முடிந்திருந்தது. மூன்று வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறகிறகாக வரைந்த படம். பறவைக் கையேட்டின் அட்டைக்கு. நான்கு மணிக்கு அச்சகத்து ஆள் வந்து வாங்கிப்போவார்.

பஞ்சுவுக்குச் சோறு இறங்கவில்லை. படத்தில் கண் மஞ்சள். எதிரே அலமாரியில் அவர் பாடம் செய்த பருந்துக்கும் மஞ்சள். உயிருள்ள பருந்துக்கோ சிவப்பு! பத்து வருடத்துக்கு முன் அதைப் பாடம் செய்தபோது சிவப்புக் கண்ணாடிக் கண் தீர்ந்துபோயிருந்தது; வந்ததும் மாற்றலாமென்று மஞ்சளைப் பதித்தார், மறந்தும் போனார். சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் பெயர் அட்டையிலேயே கெடும்.

"ஏம்மா... அந்தக் கண்ணு தப்பு."

"பார்த்துத்தானே போட்டேன்!"

"பார்த்ததே தப்பு. நான் வச்சது."

முழுக்கதையும் கேட்டவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். பஞ்சு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பத்து வருஷமா என் எதிர்லயே பொய்க்கண்ணோட உக்காந்திருக்கு. நீங்க வாயே திறக்கல!"

"இப்பத் திறந்தேனே."

"பெரிய தியாகம்! அந்தச் சிவப்பை எடுங்க."

சிவப்பை நீர்க்கக் கரைத்து, மஞ்சளின் மேலேயே நுனித்தூரிகையால் வைத்தாள். அடியிலிருந்த மஞ்சள் சிவப்புக்குள் கனன்றது. வெறும் சிவப்பில் இந்தத் தணல் வந்திருக்காது. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

"உங்க தப்பும் அழகாத்தான் இருக்கு," என்று டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க. நாளைக்கு அலமாரிப் பருந்துக்கும் கண்ணை மாத்துங்க."

உலரட்டும் என்று பஞ்சு படத்தை ஜன்னலில் சாய்த்தார். வெளியே இருந்த புறாக்கள் விருட்டென்று பறந்தன.

நான்கு மணிக்கு வந்தவரிடம் பஞ்சு நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தக் கண்ணைப் பார்த்து ஊர்ப் புறாவே ஓடிப்போச்சு, சார்!"

"ரெண்டே ரெண்டு, சார்," என்றாள் அவள். "அதுவும் கண்ணைப் பார்த்து இல்ல. இவர் தும்முனார்."