பஞ்சு மறுபடி கிரேன் ஏறின கதை

பதினாலு மாசம். இந்த நம்பரை மட்டும் மறந்துடாதீங்க. பதினாலு மாசம் ஒரு பொம்பளை, தன் கையாலதான் ஒரு ஆளோட கால் போச்சுன்னு நம்பிக்கிட்டு இருந்தா. அவ மேல தப்பே இல்லைன்னு தெரிஞ்சவன் அவ பக்கத்துலயே படுத்துக் குறட்டை விட்டான். அவ புருஷன்.

எங்க சரக்கு யார்டுல அவ கிரேன் ஓட்டுறவ. அஞ்சு டன் இரும்புக் குழாய்க் கட்டை லாரியில இறக்குவா, உள்ள உக்காந்திருக்கிற டிரைவர் கையில டீ தளும்பாது. அதனால அவ பேரு பஞ்சு.

விபத்து நடந்த அன்னிக்கு, அவ தூக்கின கட்டு பாதி வழியில அறுந்து விழுந்துச்சு. கீழ நின்ன எங்க யார்டு ஆளு நெட்டையனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழ போச்சு. கம்பெனி மூணே நாள்ல விசாரணைய முடிச்சது. அறுந்த ஸ்லிங்கை, அதாவது சரக்கைக் கட்டித் தூக்குற இரும்புக் கயித்தை, ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. நேரா ஸ்கிராப்புக்குப் போச்சு. "ஓட்டினவ உலுக்கிட்டா"ன்னு ரிப்போர்ட். ஆஸ்பத்திரியில மயக்கம் தெளியாத நெட்டையன்கிட்டயும் அதே வாசகத்துக்குக் கையெழுத்து வாங்கிட்டாங்க. அப்ப யூனியன் செயலாளர் நான்தான். ரிப்போர்ட்டைப் படிச்சேன், தலையாட்டினேன். மத்தவனைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்.

பஞ்சுவை கேட்ல பாஸ் எழுத உக்கார வச்சாங்க. "என்ன உலுக்கி, பேனாவையாவது ஆடாம பிடிப்பியா"ன்னு போறவன் வர்றவன் எல்லாம் கேப்பான். பதில் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லைன்னு நினைச்சா. புருஷன் அதே யார்டுல ஸ்டோர் கீப்பர். கை தவறுறது எல்லாருக்கும் நடக்குறதுதான், விட்டுத்தள்ளுன்னு வீட்டுல ஆறுதல் சொல்லுவானாம். ஆறுதல்! எழுதும்போதே பல்லு நறநறங்குது எனக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டர் சக்கரத்தைக் கழட்ட ஸ்பானர் தேடினா. டூல் டப்பா அடியில துணி சுத்தி, நம்பர் குத்துற உளி செட்டும் ஒரு பித்தளைத் தகடும் இருந்துச்சு. ஒவ்வொரு ஸ்லிங்குலயும் அதோட நம்பர் குத்தின தகடு தொங்கும். இந்தத் தகட்டு நம்பர், விசாரணையில அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வச்ச நம்பர். அறுந்து விழுந்த ஸ்லிங்கோடது. வெயில்ல சாய்ச்சுப் பாத்தா. அடியில வேற ஒரு நம்பரை அடிச்சு மழுக்கியிருந்துச்சு.

ஸ்டோருக்குப் புதுசா வந்த ஸ்லிங்கைப் புருஷன் வெளிய வித்துட்டு, வேலைக்கு ஆகாதுன்னு கழிச்சுப்போட்டதுக்குப் புது நம்பர் குத்தி யார்டுக்குள்ள விட்டிருக்கான். ரெண்டு வருஷமா. ஸ்கிராப்புல கழட்டின தகட்டை ஏன் தூக்கி எறியலன்னு கேக்குறீங்களா? அடுத்த ஸ்லிங்குக்கு ஆகுமேன்னு எடுத்து வச்சிருக்கான் அந்த மகராசன்.

தகட்டை அவன் முன்னாடி வச்சா. அழுதான், கால்ல விழுந்தான். அவ அசையலன்னதும் குரல் மாறிச்சு.

"உனக்கென்ன ஆயிப்போச்சு இப்ப? கேட்லதானே உக்கார வச்சாங்க, ஜெயில்லயா வச்சாங்க?"

அவ செருப்பை மாட்டிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தா.

அவன் உள்ள போனதும் மாமியார் வந்தாங்க. வீட்டு விஷயத்தை வீட்டோட முடிச்சிருக்கலாமேன்னு மூக்கைச் சிந்தினாங்க. பஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "கால் போனது நம்ம வீட்டுலயா, அத்தை?"

அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு கூட்டம், மன்னிப்பைத் தூக்கிக்கிட்டு. மன்னிச்சாத்தான் மனசு ஆறுமாம். அவன் செஞ்சதுக்கு இவ மனசை எதுக்குய்யா ரிப்பேர் பண்ண வர்றீங்க? கம்பெனி ஒரு லெட்டர் கொடுத்துச்சு: சிரமத்துக்கு வருந்துகிறோம், கிரேனுக்குத் திரும்பலாம். சிரமமாம்!

திரும்பினா. ஆனா ஓட்ட முடியல. கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சரக்கு இறக்கும்போது மேல இருக்கிறவளுக்கு ஒண்ணும் தெரியாது. சுவர் முனையில ஒருத்தன் நின்னு கை காட்டுவான். அந்தக் கைய நம்பித்தான் இறக்கணும். அவளால முடியல. பாதியில நிறுத்திட்டு, ஏணி இறங்கி வந்து தானே தொட்டுப் பாப்பா. ஒரே வாரத்துல மூணு சிக்னல்காரனுங்க, இவளோட ஆகாதுன்னு ஓடிட்டானுங்க. மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா நிரந்தரமா கேட்தான்னு மேனேஜர் சொல்லிட்டான். செய்யாத தப்புக்குப் போன வேலை. இப்ப நிஜமாவே அவ கையாலயே போகப் பாத்துச்சு.

அப்பதான் நெட்டையன், செயற்கைக் காலை இழுத்துக்கிட்டு கேண்டீன்ல அவ எதிர்ல வந்து உக்காந்தான். நான் பக்கத்து மேஜை.

"உனக்கு எதிரா கையெழுத்துப் போட்டேன், தெரியுமில்ல?"

"தெரியும்."

"படிக்காமத்தான் போட்டேன். படிச்சிருந்தாலும் போட்டிருப்பேன். அவ்வளவு கோவம் உன் மேல."

"இப்ப?"

"கோவம் அப்படியேதான் இருக்கு. ஆளுதான் மாறிடுச்சு." தண்ணியக் குடிச்சான். "நாளைக்கு நான் சிக்னல் நிக்கிறேன். என் கைய நம்புன்னு கேக்கல. சந்தேகம் வந்தா நிறுத்து. ஏன்னு கேக்க மாட்டேன். நீ இறங்காத, நான் போய்ப் பாக்குறேன்."

"நாள் பூரா நிறுத்துவேன்."

"நிறுத்து. ஓடிப்போறதுக்கு என்கிட்ட இருக்கிறதே ஒத்தக் காலு."

கால் போன நாளுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

முதல் நாள் முப்பத்தொரு தடவை நிறுத்தினா. ஒவ்வொரு தடவையும் நெட்டையன் விந்தி விந்திப் போனான். ஸ்லிங்கைத் தடவிப் பாத்தான், தகட்டு நம்பரை அவளுக்குக் கேக்குற மாதிரி சத்தமா படிச்சான், திரும்பி வந்து கை தூக்கினான். லாரிக்காரனுங்க ஹாரனை அழுத்திக்கிட்டே கிடந்தானுங்க. சூப்பர்வைசர் கத்தினான். காது கேக்காத மாதிரி நின்னான் நெட்டையன். மேனேஜர் கடிகாரத்தோட வந்தப்ப, நிறுத்தாம ஓட்டினா சந்தோஷமான்னு கேட்டு பேண்ட்டை முட்டி வரைக்கும் தூக்கிக் காட்டினான். மேனேஜர் அத்தோட ரூமுக்குப் போயிட்டான். மாசம் முடிஞ்சப்ப கேட் வேலைக்கு வேற ஆளைப் போட்டாங்க.

புருஷன் ஜெயில்லருந்து லெட்டர் போடுறான். பிரிக்காமலே திருப்பி அனுப்புறா. நெட்டையனையும் முழுசா நம்பிட்டேன்னு அவ சொல்லல. நானும் கேக்கல. நேத்து நீ எத்தனை தடவை நிறுத்தினேன்னு மட்டும் அவகிட்ட கேட்டேன்.

நாலு.