துணை மருந்து

கணவனையும் நான்கு வயது மகளையும் தேற்றாத்தீவில் சுனாமிக்குப் பறிகொடுத்துவிட்டு, வாவிக்கு அக்கரையில் வெல்லாவெளியில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் வதனி. மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. நிவாரண நிறுவனமொன்று சுகாதாரத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, அக்காதான் அவளை வலுக்கட்டாயமாக அனுப்பினாள்.

அங்கே குழந்தையின் சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நிமிடம் மூச்சை எண்ணப் பழகினாள். கைக்குழந்தைக்கு ஐம்பதைத் தொட்டால் நிமோனியா. அதற்கு அன்ரிபயோட்டிக் பாணி மருந்து கொடுக்கவேண்டும். துத்தநாக மாத்திரையான சிங்க் குளிசை வயிற்றோட்டத்துக்கு வந்தது; நிமோனியாவுக்கும் சில டொக்டர்மார் பாணியோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு. "துணைக்குத்தான். தனிய குடுத்தா நிமோனியா மாறாது" என்று பயிற்சி தந்த டொக்டர் சொன்னதைக் கொப்பியில் எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

தொண்டர் வேலை இரண்டு வருடத்துக்குக் கிட்ட நன்றாகத்தான் போனது. 2007 தொடக்கத்தில் சண்டை நெருங்கியது. சோதனைச்சாவடியைத் தாண்டி மருந்து லொறி வரவில்லை. பாணிப் போத்தல்கள் தீர்ந்தன. சிங்க் குளிசை மட்டும் ஒரு பெட்டி நிறைய மிஞ்சியது.

மாசி மாதத்தில் ஒருநாள் அஜந்தா தன் எட்டு மாதப் பிள்ளை நிலோஜனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் காய்ச்சல். வதனி எண்ணினாள். அறுபத்தாறு. மூச்சு இழுக்கையில் நெஞ்சு உள்ளே குழிந்தது.

"வாவித் துறையால பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும் புள்ள."

"ஷெல் விழுகுதுகா, எப்பிடிப் போற? உங்கட்ட ஒரு மருந்துமா இல்ல?"

வதனி பெட்டியைப் பார்த்தாள். வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. காய்ச்சலுக்குப் பனடோல் பாணி கொஞ்சம் கொடுத்தாள். சிங்க் குளிசை ஒன்றை எடுத்து, கரண்டியில் தாய்ப்பாலில் கரைத்துப் பருக்கினாள்.

"இது தனியக் காணாது. இப்ப இதுதான் இரிக்கு" என்றாள்.

அஜந்தாவின் காதில் விழுந்தது 'இதுதான்' என்ற சொல் மட்டும்தான்; மருந்து கிடைத்துவிட்டது என்று பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப்போனாள்.

மறுநாள் காலை ஊர்க்காரர் யோகராசாவின் உழவு இயந்திரம் சனங்களை ஏற்றிக்கொண்டு துறைக்குப் புறப்பட நின்றது. வதனி அஜந்தாவின் வீட்டுக்கு ஓடினாள். பனடோலில் காய்ச்சல் தணிந்து பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க, உங்கட குளிச வேல செய்யுது. நித்திரையில கிடக்கிற புள்ளய ஏன் ஷெல்லுக்குள்ள இழுக்கிற?"

வதனி சட்டையைத் தூக்கி எண்ணினாள். அறுபத்தெட்டு.

"குளிசயால இல்ல புள்ள! காய்ச்சல்தான் இறங்கியிரிக்கு. மூச்சு அப்பிடியேதான். எழும்பு, வா!"

அஜந்தாவின் புருசன் உதயரூபன் குறுக்கே வந்தான். "பின்னேரமும் ஒரு பயணம் வருமாம். அதில வாறம்."

பின்னேரம் எந்த வண்டியும் வரவில்லை. அடுத்த நாள் ஊரே கால்நடையாக வெளிக்கிட்டது. வயல் வரம்பில் நடக்கையில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. துறை கண்ணுக்குத் தெரிந்தபோது அஜந்தாவின் தோளில் கிடந்த பிள்ளையிடம் மூச்சு இல்லை. வதனி மீண்டும் மீண்டும் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். எண்ண ஒன்றும் இருக்கவில்லை.

அகதி முகாமில் அஜந்தா எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னாள். "வதனியக்கா நல்ல மருந்து தந்தவ. என்ர புள்ளைக்குத்தான் ஆயுள் இல்லாமப் போச்சு." அவள் ஏசியிருந்தால் வதனியால் தாங்கியிருக்க முடியும். இதைக் கேட்கத்தான் முடியவில்லை. அந்தக் குளிசையைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அவள் பயந்து முதல் வண்டியிலேயே ஏறியிருப்பாள் என்று சொல்ல வதனி ஒருமுறை வாயெடுத்தாள். அஜந்தாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபின் மருந்துகள் தட்டுப்பாடில்லாமல் வந்தன. மீண்டும் தொண்டராகச் சேரும்படி நிறுவனத்தார் இரண்டு தரம் ஆளனுப்பிக் கேட்டார்கள். வதனி போகவில்லை. அக்காவின் வயல் வட்டையில் களை பிடுங்கப் போனாள். இருமுகிற பிள்ளையோடு யாராவது வரம்பால் போனால் நிமிர்ந்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, இப்பவே போ" என்று மட்டும் சொல்லுவாள். தொட்டுப் பார்க்கச் சொன்னால் சேற்றுக் கையைக் காட்டிவிட்டுக் குனிந்துவிடுவாள்.