அக்காவின் எம்.பி.த்ரீயைப் பிரித்த ஞாயிறு

"பாட்டு இல்லாம நான் டயாலிசிஸுக்குப் போக மாட்டேன்லா" என்று அக்கா சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பாடாங் மேஹாவிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போய், நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் கிடந்தால்தான் அவள் உயிரோடு இருப்பாள். ஏற்கெனவே "போதும்டி, அலுத்துப்போச்சு" என்று ஆரம்பித்திருந்தாள். இப்போது சாக்கு கிடைத்துவிட்டது. அவளுடைய சின்ன எம்.பி.த்ரீ பிளேயரில் சார்ஜ் ஏறவில்லை.

"போன்ல கேளேன்!" என்றேன். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பிரஷர் பட்டை, போனைத் தடவிக்கொண்டிருக்க முடியுமா என்றாள். பிளேயரில் என்றால் கண்ணை மூடிக்கொண்டே பொத்தானை அமுக்கலாமாம். நியாயம்தான். அதனால் இன்னும் எரிச்சல்.

ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் பார்ட் இல்லம்மா, புவாங் பண்ணிருங்க" என்றார். தூக்கிப் போடுவதாம்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்தேன்.

நான் ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டுகளை லென்ஸுக்குக் கீழே வைத்துக் குறை பார்ப்பவள். பார்ப்பதோடு சரி. குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன், எதையும் சரிசெய்ததே இல்லை.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து உட்கார்ந்தேன். நான்கு திருகுகள், ஒவ்வொன்றும் கடுகளவு. கழற்றி வைத்துவிட்டு மூடியை நெம்பித் திறந்தேன். பேட்டரி உப்பவில்லை, வயர் அறுபடவில்லை. சார்ஜர் செருகும் துளையில் டார்ச் அடித்தால், மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஊசியால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்!

ஐயோ சாமி! ஆயுத பூசையன்று வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான்தான். கார், மோட்டார், ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின் எல்லாம் முடித்துவிட்டு, அக்காவுக்குத் துணையாக இருக்கிற சாமானாயிற்றே என்று இதற்கு மட்டும் தாராளமாக அப்பினேன். அப்பியது நேரே துளைக்குள். கடைக்காரரிடம் கத்தியதை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டு ஒரு மணி நேரம் துடைத்தேன். உள்ளே வளைந்திருந்த ஒரு கம்பியை ஊசியால் நிமிர்த்தினேன். சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை துடைத்தேன். எரிந்தது! நான் போட்ட கூச்சலில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

மறைக்க மனசு வரவில்லை. "கெடுத்ததே நான்தான்க்கா" என்று சந்தனத் தூள் ஒட்டிய துண்டைக் காட்டினேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் இயர்போனைக் காதில் வைத்துப் பாட்டு கேட்கிறதா என்று பார்த்தாள். பிறகு திங்கட்கிழமைக்கு எடுத்துப்போகும் பையில், போர்வைக்கு மேலே, பிளேயரை வைத்தாள்.

"அடுத்த வருஷம் பொட்டைக் கொஞ்சம் ஓரமா வைடி" என்றாள்.

அடுத்த வருஷமாம். துண்டை உதறுகிற சாக்கில் வாசலுக்குப் போய் நன்றாக அழுதேன்.