பக்கத்து வீட்டுக்குத் தெரியாத என் பெயர்

மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் செய்யக்கூடிய வேலை என்னுடையது. சென்னை வாடகை கட்டுப்படியாகாமல், செலவு குறைந்த ஊராகத் தேடி, திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் ஒரு சிறு வீடு பிடித்தேன். வாடகை, இணைய வேகம், தண்ணீர் எல்லாம் விசாரித்தேன். அக்கம்பக்கத்தில் யாரிடமும் பேசவில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

வந்த மாதமே காய்ச்சல் கண்டது. விடுப்பு கேட்கத் தயங்கி, மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். ஒரு நாள் காலை வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்துவிட்டேன். எதிர்முனையில் இருந்த சக ஊழியர் பதறிப்போய், "ரேவதி! ரேவதி!" என்று கத்தியிருக்கிறார். நான் இருக்கும் தெரு அவருக்குத் தெரியாது. என் அம்மாவுக்கே தெரியாது.

திறந்திருந்த ஜன்னல் வழியே அந்தச் சத்தம் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்தவர், தரையில் கிடந்த என்னைக் கண்டதும் கணவரை அழைத்துக் கதவை உடைக்கச் செய்தார். ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது அருகில் இருந்தவர் அவர்தான்.

"இம்புட்டுக் காய்ச்சலோட தனியா கெடந்திருக்கியே, ஒரு வார்த்தை சொல்லப்படாதா? அந்த ஆளு கத்துனப்புறந்தான் ஒம் பேரே எனக்குத் தெரிஞ்சது" என்றார்.

டெங்கு. இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார்.

இப்போதெல்லாம் ஊர் மாறினால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே முகவரியை அம்மாவுக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுகிறேன். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "என் பேரு ரேவதி. தனியாத்தான் இருக்கேன்" என்கிறேன். சொல்லும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.