பிரசவத் தொட்டியின் தக்கை

என் மகளுக்குப் பிரசவம் நடந்துகொண்டிருந்தபோது நான் சுவருக்குப் பின்னால், வாழைமரத்தடியில், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை மட்டும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. தொட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கு இரண்டு கொல்லை தள்ளி ஒரு நர்சம்மா பிரசவம் பார்த்துவந்தார். கீழே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மலைக்கு வந்து, இரண்டு அறை ஓட்டு வீடு எடுத்தவர். முன்பு ஒரு வெளிநாட்டு நர்ஸிடம் தண்ணீர்ப் பிரசவத்தைக் கற்றுக்கொண்டாராம். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தால் வலி பாதியாகக் குறையும் என்பார்.

தொட்டி கட்ட ஆலங்காயத்திலிருந்து கொத்தனாரை வரவழைத்தார். கொத்தனாருக்குத் தெரிந்தது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி ஒன்றுதான். அதையே அகலமாகக் கட்டி, உள்ளே வழவழவென்று பூசி, பழக்கத்தில் ஓரமாக மாடு கட்டும் இரும்பு வளையத்தையும் பதித்துவிட்டுப் போனார். வலி வந்த பெண்களெல்லாம் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் முக்கினார்கள். "அந்த ஆளு தெரிஞ்சேதான் வெச்சிருக்கணும் சார்" என்பார் நர்சம்மா.

தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே வாழைக்குப் போகும். குழாயின் வாயில், வெளிப்பக்கம், துணி சுற்றிய புளியங்கட்டை ஒன்றைத் தக்கையாக அடித்திருப்பார்கள். எல்லாம் முடிந்தபின் அதைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். இந்தத் தக்கையைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலங்காயத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள் தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் அதுலதான் பெத்துக்கப் போறேன்" என்றாள். ஏதோ ஜவுளிக்கடையில் புடவை எடுத்ததுபோலச் சொன்னாள். நான் அன்றே நர்சம்மாவிடம் ஓடினேன்.

"மூழ்கிடாதுங்களா?"

"யாரு?"

"குழந்தைங்க."

"இந்த ஒம்போது மாசமா அது எங்க இருக்குதுன்னு நெனச்சீங்க சார்? மொட்டை மாடியிலயா?"

பிறகு என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். வெளிக்காற்று முகத்தில் பட்ட பிறகுதான் பிள்ளை மூச்சை இழுக்கும். வந்த கையோடு மேலே தூக்கிவிடுவார். கால் வீக்கம், ரத்தக்கொதிப்பு இருக்கிற பெண்களைத் தொட்டிப் பக்கமே விடமாட்டார். ஜீப் பிடித்து வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். "ஒங்க பொண்ணுக்கு எல்லாம் சரியா கீது. எனக்கு ஒங்களப் பாத்தாதான் பயமா கீது" என்று என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். அது அதிகமாகத்தான் இருந்தது.

அவர் சொன்னது புத்திக்குப் புரிந்தது. ஆனால் எங்களுக்கு இவள் ஒருத்திதான். இவளுக்கு முன்னால் பிறந்த ஒன்று மூச்சே விடாமல் போய்விட்டது. அன்றைக்கும் நான் அறைக்கு வெளியே ஒன்றும் செய்யாமல்தான் நின்றிருந்தேன். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

ஒருநாள் கொல்லையில் அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, முகத்தை அமுக்கி, எத்தனை எண்ணும்வரை தாக்குப்பிடிக்க முடிகிறது என்று பார்த்தேன். இருபத்து மூன்று. தலையைத் தூக்கினால் என் மனைவி நின்றிருந்தாள்.

"இன்னாங்க இது? மாடு கழனித்தண்ணி குடிக்கிறாப்ல?"

"சும்மா, மூஞ்சி கழுவுனேன்."

"நல்லா கழுவுனீங்க. மூக்குல தண்ணி வருது, தொடைங்க."

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, எவ்வளவு நேரத்தில் வடியும் என்ற கணக்கை இருபது வருடமாகக் கரும்பலகையில் போட்டு வந்தவன் நான். நர்சம்மாவின் குழாய் மூன்று அங்குலம். தொட்டியை அடிக்கோலால் அளந்துவிட்டு வந்து கணக்குப் போட்டேன். இரண்டு, இரண்டரை நிமிடத்தில் வடிந்துவிடும். ஏதாவது ஆகிறது என்று தோன்றினால் தக்கையைப் பிடுங்கிவிடலாம். தண்ணீர் இல்லாத தொட்டியில் யாரும் மூழ்க முடியாது. ஒரு தாம்புக்கயிற்றின் நுனியைத் தக்கையின் கழுத்தில் இறுக்கிக் கட்டி, வாழைச்சருகு போட்டு மறைத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி எடுத்தது. தொட்டியில் தண்ணீர் விட்டு, நர்சம்மா முழங்கையை நனைத்துப் பார்த்து, பதம் சரி என்று மகளை இறக்கினார். என் மனைவி உள்ளே போனாள். நான் சுவருக்குப் பின்னால் போனேன்.

எங்கள் மலையில் பிரசவ வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆளுக்கு ஒரு குடம் வெந்நீர் கொண்டுவருவார்கள். பிள்ளை பெற்றவள் குளிப்பதற்கு, புளிய இலை போட்டுக் காய்ச்சியது. பிரசவமே தண்ணீரில்தான் என்று கேள்விப்பட்டபின் ஆளுக்கு ஒரு குடம் என்பது இரண்டு குடம் ஆகிவிட்டது. இலை கூடாது, வெறும் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் கொண்டுவாருங்கள் என்று நர்சம்மா பல நாளாகச் சொல்லிவைத்திருந்தார். அன்றும் முப்பது நாற்பது குடம் வந்தது. ஆனால் தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

"இன்னா நர்சம்மா, எங்க தண்ணி ஆகாதா?"

"தொட்டி ரொம்பிடுச்சும்மா. எங்க ஊத்தட்டும், என் தலையிலயா?"

அவர்கள் போகவில்லை. குடங்களைத் தட்டுப் போட்டு மூடி, வாசலில் வரிசையாக வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஊற்றாத குடத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவது பிரசவ வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

நான் கயிற்றைப் பிடித்தபடி காதைச் சுவரில் வைத்திருந்தேன். என் மகள் காலில் முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள். இப்போது சத்தமே இல்லை. வெகுநேரமாக ஒன்றும் கேட்கவில்லை. நர்சம்மா ஏதோ சொன்னார். அதற்கு என் மகள் சிரித்தாள்.

அழுதிருந்தால் பொறுத்திருப்பேன். கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பிரசவ வலியில் ஒரு பெண் எதற்குச் சிரிப்பாள்? ஜன்னி கண்டுவிட்டது என்று முடிவு செய்தேன். கயிற்றை இழுத்தேன்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் என் முழங்காலில் மோதி வாழைக்குள் பாய்ந்தது. தக்கையில் சுற்றியிருந்த துணி அதோடு போயிற்று. உள்ளே என் மனைவி, "ஐயோ, தண்ணி எறங்குதே!" என்றாள். அடுத்த நொடி என் மகளின் குரல், தெருக்கோடிவரை கேட்கும்படி:

"அப்பா!"

நான்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"எவன்டா அது தக்கையப் புடுங்குனது?" என்றார், அதுவரை என்னை சார் என்று மட்டுமே கூப்பிட்ட நர்சம்மா. ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. "சும்மா சிரிச்சிக்கிட்டு இருந்த புள்ளைய இப்படிக் குளுருல ஒக்கார வெச்சிட்டீங்களே! அடைங்க அத! ஏய், வாசல்ல யாரு, குடத்தையெல்லாம் எடுத்தாங்க!"

நான் கட்டையைத் திணித்தேன். துணி இல்லாததால் நிற்கவில்லை. என் மேல்துண்டை உருவிச் சுற்றித் திணித்தேன். அவசரத்தில் அதுவும் கோணலாகப் போனது. நர்சம்மாவுக்குக் கூடமாட இருக்கும் மலைக்காரப் பெண் ஒரு கல்லோடு ஓடிவந்தாள். என் வயதிருக்கும். அவளுடைய மூன்று பிள்ளைகளும் என் வகுப்பில் படித்தவர்கள். மூன்றும் கணக்கில் தேறவில்லை.

"தள்ளு வாத்யாரே" என்று நாலு போடு போட்டுத் தக்கையை இறுக்கினாள். "தொட்டிக் கணக்கு தப்பாப் போட்டானுங்கன்னு எம் புள்ளைங்கள முட்டி போட வெச்சியே, இப்ப நீ போட்டது இன்னா கணக்கு?"

அவள் கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "இப்ப இழு, பாக்கலாம்."

வாசலிலிருந்து குடங்கள் உள்ளே போயின. காத்திருந்த நேரத்தில் தண்ணீர் சரியான பதத்துக்கு ஆறியிருந்தது. நர்சம்மா முழங்கையால் பார்த்துப் பார்த்து ஊற்றச் சொன்னார். அவர் திருப்பி அனுப்பப் பார்த்த பெண்களில் ஒவ்வொருத்தியும் ஊற்றும்போது, "ஆகாதுன்னியே நர்சம்மா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் ஊற்றினாள். தொட்டி நிறைந்தது. என் மகள் மறுபடி வளையத்தைப் பிடித்தாள்.

இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. கயிற்றின்மேல் உட்கார்ந்திருந்தவள் வெற்றிலை மடித்து எனக்கும் ஒன்று கொடுத்தாள். அதை வாயில் போடுகிற நேரத்தில், "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று உள்ளே கேட்டது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. கயிறு கைக்கு எட்டாது. எட்டினாலும் இனி இழுத்துப் பயனில்லை.

நான்கு எண்ணும்போது குழந்தை அழுதது.

நான் வெற்றிலையோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். "எழுந்திரு வாத்யாரே, பேத்தி பொறந்திருக்கா. போய் மூஞ்சியக் கழுவு" என்றாள் அவள், கொஞ்சம் இளகிய குரலில்.

பேத்தியைத் துணியில் சுற்றிக் காட்டினார்கள். நர்சம்மா எவ்வளவு சொல்லியும் யாரோ ஒருத்தி குடத்தில் இலை போட்டிருக்கிறாள். குழந்தையின் உச்சந்தலையில் ஒரு சின்னப் புளிய இலை ஒட்டிக்கொண்டிருந்தது. நர்சம்மா அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் மகள் கேட்டாள். "ஏம்ப்பா, நான் சிரிச்சது ஒரு குத்தமா?"

மறுநாள் நர்சம்மா என் தாம்புக்கயிற்றை முன்வாசல் தூண்கள் இரண்டுக்கும் குறுக்கே கட்டினார். பிரசவம் முடியும்வரை தகப்பன்மார், புருஷன்மார் எல்லாரும் இந்தக் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டார். ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் காரணத்தையும் சொன்னார். மலையில் கேட்காதவர் யாரும் இல்லை.

என் மகளின் இரண்டாவது பிரசவமும் அதே தொட்டியில்தான். நான் கயிற்றுக்கு வெளியே, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிற்றின்மேல் உட்கார்ந்த அந்தப் பெண் குடத்தோடு கடந்து போனாள். என் கையைப் பார்த்தாள்.

"இழுத்துக்க வாத்யாரே. இப்ப அது தக்கையில கட்டல, வெறும் தூணுலதான்."

உள்ளே என் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. தூண் ஆடும் அளவுக்கு இழுத்தேன்.