ஆய்வு நோட்டில் பத்தொன்பது நாள்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குள் நான்கு முறை கழிவறைக்குப் போனேன். நான்கு முறையும் இரத்தம். வேதம் வாசித்தேன். காரமில்லாமல் ஒரு இட்லி. ஏழேகாலுக்கு எல்லாவற்றையும் என் டைரியில் எழுதினேன். பிறகு இன்னொரு நோட்டை எடுத்து, முந்தின நாளுக்கான கட்டத்தில் "2, இரத்தம் இல்லை" என்று எழுதினேன்.

அது மருத்துவமனை தந்த நோட்டு. ஆறு வருடமாக எனக்குப் பெருங்குடலில் புண். எந்த மாத்திரைக்கும் அடங்காததால், புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர்த்தார்கள். தினமும் எத்தனை முறை போனேன், இரத்தம் உண்டா என்று நானே குறிக்க வேண்டும். அதையும் வைத்துத்தான் மருந்து கேட்கிறதா என்று முடிவு செய்வார்கள்.

முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தேன். அந்த மகிழ்ச்சியில் தல்லாகுளத்தில் எங்கள் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடுத்த வியாழக்கிழமை, பிப்ரவரி 22, இரத்தம் திரும்பியது. வெளியே சொன்னால் கர்த்தரின் பெயரைக் கெடுத்துவிடுவேன் என்று பயந்தேன். பத்தொன்பது நாள் பொய் எழுதினேன். சுகத்துக்காகக் கெஞ்சினேன். பதில் இல்லை. சாகத்தான் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை காலை நோட்டை மூடிவிட்டு முழங்காலில் நின்று, "ஆண்டவரே, சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீரே வெளியே கொண்டுவாரும்" என்று மட்டும் ஜெபித்தேன்.

பத்து மணிக்கு, கணவரோடு போயிருந்த மருத்துவமனையில் ஆய்வுப் பிரிவு நர்ஸ் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

"அக்கா, நேத்து பதினொரு தடவைன்னு போட்டிருக்கு. போன வாரம் ரெண்டுன்னு சொன்னீங்க?"

பையைப் பார்த்தேன். மருத்துவமனை நோட்டு உள்ளே இருந்தது. அவர் கையில் என் டைரி. இரண்டுக்கும் பழுப்பு அட்டை. டைரியை நான் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனதே இல்லை. எப்படிப் பைக்குள் வந்தது என்று இன்றும் தெரியாது.

பக்கத்தில் என் கணவர் தலைகுனிந்தார். "ராவெல்லாம் கதவுச் சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சபையில சொல்லிட்டாளேன்னு நானும் வாயத் தெறக்கல."

நர்ஸ் அந்த நோட்டையும் வாங்கிப் புரட்டினார். "இம்புட்டு அழகான கையெழுத்துல பொய் எழுதியிருக்கீங்களேக்கா. இத நம்பி மருந்து நல்லாக் கேக்குதுன்னு நாங்க எழுதிட்டா, அடுத்து சாப்பிடுறவங்க கதி என்ன?"

அழுதேன். அதுவரை அந்த மற்றவர்களை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

டாக்டர் உடனே உள்நோயாளியாகச் சேர்த்தார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்றார். ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊசி மருந்தும் கேட்காவிட்டால் பெருங்குடலையே அகற்ற வேண்டும்.

இதை எழுதும்போதும் இரத்தம் நிற்கவில்லை. ஆனால் நான் கடைசியாகக் கேட்ட ஒன்றைக் கர்த்தர் மூன்று மணி நேரத்துக்குள் தந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். சுகமானேன் என்று சொல்லிவிட்டு வலியை விழுங்கிக்கொண்டிருப்பவர் உங்களில் இருந்தால், கர்த்தரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். நாம் உண்மை பேசுவதால் கர்த்தரின் பெயர் கெடாது.

நோட்டைத் திருத்தித் தரச் சொல்லித் திருப்பிக் கொடுத்த நர்ஸ், எதையும் அழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். "தப்பு மேல ஒரு கோடு, பக்கத்துல சரியானது, கையெழுத்து, தேதி. அம்புட்டுதான்." மறுநாள் காலை கண் விழித்ததும், ஊசி ஏறாத கையால் பேனாவை எடுத்து, பிப்ரவரி 22-ஆம் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். டைரியைப் பார்த்து, இரண்டுக்குப் பக்கத்தில் ஆறு என்று எழுதினேன்.