காக்கா தொடாத இலை

எங்கள் வீட்டில் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். கணக்கும் இங்கிலீசும் அவள் அம்மாவுக்கு. சாமி சமாச்சாரம் எனக்கு. நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. இண்டூரில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க விவசாயிகளோடு பேசிப் பேசி வாய் நீண்டுவிட்டது. "எதக் கேட்டாலும் ஒரு பதில் வச்சிருப்பீங்கள்ல, இதையும் நீங்களே சொல்லிக் குடுங்க" என்று மனைவி தள்ளிவிட்டாள்.

சொல்லிக்கொடுத்தேன். முனியப்பன் ஏன் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறார்? ஊர்க்காவல் பார்க்கிறவர் கண் அசந்தால் ஆகுமா. சாமிக்கு ஏன் மொட்டை போடுகிறோம்? நம்மிடம் இருப்பதிலேயே வெட்டினால் வலிக்காதது அதுதான். இப்படித்தான் என் பாடம். பிள்ளையும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பாள். மறுநாள் அதையே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் வீட்டில் எனக்குத் திட்டு வாங்கித் தருவாள்.

அமாவாசைதோறும் மொட்டை மாடியில் என் அப்பாவுக்குச் சோறு வைப்போம். காக்கா ரூபத்தில் தாத்தா வந்து சாப்பிடுகிறார் என்று சொல்லியிருந்தேன். அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட மனிதர். அவளுக்குத் தாத்தா என்றால் அந்தக் காக்காதான். "தாத்தா, அப்பளம் நமுத்துப்போவுது, சீக்கிரம் வா" என்று அதட்டுவாள். ஒரு அமாவாசைக்கு வெகுநேரம் காக்கா வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டாள். எனக்குப் பசி, எரிச்சல். "தாத்தாவுக்கு யார் மேலயோ கோவம். கோவம் போனா வந்துருவாரு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, காக்கா வந்து உட்கார்ந்தது. என் பேச்சுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அதுவரை கிடைத்ததில்லை.

என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவிக்கு ஒரே தம்பி. பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றுகிற மினி லாரி ஓட்டினான். கழுத்தில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு கிடக்கும். அவன் என்னை மாமா என்பான். என் மகள் அவனை மாமா என்பாள். வீட்டில் யாராவது மாமா என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவோம். மாமன் மச்சான் உறவே ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் அடிக்க ஏற்பட்டதுதானே. என் தொப்பை அவனுக்கு, அவன் ஓட்டை லாரி எனக்கு. லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே மகள் வாசலுக்கு ஓடிவிடுவாள். வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போகாது என்று அவளுக்குத் தெரியும். நசுங்கிய தக்காளி ஒரு கூடையும் அதற்கு மேல் ஒரு மிட்டாய் பாக்கெட்டும் இறங்கும்.

ஏதேதோ தட்டிப் போய், அவளுக்கு ஐந்து வயதாகும்போதுதான் காதுகுத்து வைத்தோம். பென்னாகரம் ரோட்டில் எங்கள் குலதெய்வம் முனியப்பன் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மொட்டை போட்டு, அந்த மடியிலேயே காது குத்த வேண்டும். மச்சான் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனை வேட்டியில் பார்த்து ஊரே சிரித்தது. பட்டுப்பாவாடை, பழத்தட்டு, சிவப்புக் கல் வைத்த குட்டித் தோடு, எல்லாச் சீரும் கொண்டுவந்தான்.

மொட்டை ஒழுங்காக முடிந்தது. சந்தனம் பூசியதும் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். கோளாறு அதற்குப் பிறகுதான். எங்களுக்கு முன்னால் ஒரு கைக்குழந்தைக்குக் குத்தினார்கள். அது வீறிட்டதை இவள் பார்த்துவிட்டாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் உடம்பு விறைத்தது. மச்சான் ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் வாயில் வெல்லத்தை வைத்தான். அவள் வெல்லத்தை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைக் கடித்தாள். கடித்த வேகத்தில் அவன் கை தளர, "மாமா வேணா, போ!" என்று கத்திக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொந்தபந்தம் எல்லாம் பார்க்க இப்படியா என்று கையை ஓங்கிக்கொண்டு போனேன். மச்சான் குறுக்கே வந்தான்.

"வுடுங்க மாமா. கொழந்த பயந்துக்கிச்சு. அடுத்த வருசம் குத்திக்கலாம். எம் மடி எங்க போவப்போவுது?"

பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் மணிக்கட்டைக் காட்டினான். "எல்லாரும் மாமஞ்சீருதான பாத்திருக்கீங்க. இது மருமவ சீரு, பாருங்க." பல் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. தோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டான். அது எங்கள் பீரோவிலேயே இருந்தது.

அந்த அடுத்த வருஷத்துக்குள் அவன் போய்விட்டான். தொப்பூர் இறக்கத்தில், பட்டப்பகலில், பின்னால் வந்த கண்டெய்னர் லாரி பிரேக் பிடிக்காமல் மோதியது. நான் போய்ப் பார்த்தபோது ரோடு முழுக்கத் தக்காளி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நான்தான் பெண் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையிடம் நான்தான் சொன்னேன். சாமி சமாச்சாரம் என் பொறுப்பு ஆயிற்றே. "மாமா சாமிகிட்ட போயிட்டாரு கண்ணு" என்றேன். சரி என்றாள். அழவில்லை. நல்லவேளை, புரிந்துகொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் வீட்டில் கருமாதி. அவனுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, இலை போட்டு, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். காக்கா வந்து வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். கா கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. வேப்பமரத்தில் இரண்டு காக்கா உட்கார்ந்திருந்தன. இறங்கவில்லை. இறங்காததற்கு எனக்குக் காரணம் தெரிந்தது. மச்சானின் நாய் அந்த இலைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தது. விரட்டினால் ஓடிப்போய்த் திரும்ப வந்து அங்கேயே படுத்தது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பங்காளிகளில் ஒருவர் சொல்லிவிட்டார்.

"பையனுக்கு மனசுல ஏதோ கொற இருக்குதுங்க. கோவமாக்கூட இருக்கலாம். ஒவ்வொருத்தரா வந்து வாக்குக் குடுங்க."

எங்கள் பக்கம் இது வழக்கம். செத்தவர் மனதில் என்ன குறை என்று யோசித்து, அதை நான் தீர்க்கிறேன் என்று இலைக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். மாமியார் முதலில் போனார். "நீ வளத்த நாய நா பட்டினி போடமாட்டன் சாமி, வந்து சாப்புடு" என்றார். என் மனைவி, "அம்மாவ நா பாத்துக்கறன்டா தம்பி" என்றாள். நானும் போய் நின்றேன். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற வாய்க்கு ஒன்றும் வரவில்லை. கையைக் கூப்பிவிட்டு வந்துவிட்டேன். காக்கா வரவேயில்லை. கடைசியில் இலையை எடுத்துப் பசுவுக்கு வைத்தார்கள். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பிள்ளை ஒரு மாதிரி ஆகிவிட்டாள். காலையில் தன் தட்டிலிருந்து இட்லியைப் பிட்டு எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். அவள் நிற்பதைப் பார்த்தால் எந்தக் காக்கா வரும்? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவாள். பள்ளிக்கூட வேனில் போகும்போதும் சன்னல் வழியாகக் கரண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே போகிறாள் என்று வேன்காரர் சொன்னார். சாப்பாடு குறைந்தது. மிட்டாய் வாங்கி வந்தால் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் கடையில் என் மடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"அப்பா, கடிச்சா எவ்ளோ நாளைக்குக் கோவம் இருக்கும்?"

"யாரு யாரக் கடிச்சா?"

"நா மாமாவ கடிச்சன்ல. போன்னு சொன்னன்ல. அதான் மாமா வர்ல."

இல்லை கண்ணு, மாமாவுக்கு உன் மேல் கோபமே கிடையாது என்றேன். அப்புறம் ஏன் இலையைத் தொடவில்லை என்றாள். நாய் படுத்திருந்தது என்றேன். அது மாமாவோட நாயிதானே, மாமாவுக்கு என்ன பயம் என்றாள். காக்கா வெறும் காக்கா, அதெல்லாம் சும்மா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அப்போ தாத்தா? அவளுக்கு இருக்கிற ஒரே தாத்தாவையும் நானே சாகடிக்க வேண்டும்.

அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "நா காது குத்திக்கறன். அழவேமாட்டன். அப்ப மாமாவுக்குக் கோவம் போயிரும்."

சொந்தத்தில் பேச்சுக் கிளம்பியது. எழவு விழுந்த ஈரம் காயவில்லை, அதற்குள் காதுகுத்தா, வருஷம் திரும்பட்டும் என்றார்கள். ஒருத்தர் கடைக்கே வந்து புத்தி சொன்னார். "எம் புள்ள சோறு திங்க மாட்டேங்குது. வருசம் திரும்பற வரைக்கும் நீங்க வந்து ஊட்டறீங்களா?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். இன்று வரை என்னிடம் குழாய் வாங்குவதில்லை.

யார் மடியில் உட்காருவது என்ற கேள்வி வந்தது. முறைக்கு மாமனாக மனைவியின் பெரியப்பா மகன் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் மகள் மாட்டேன் என்றுவிட்டாள். "அது வேற மாமா." மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். தம்பியின் பச்சைத் துண்டை அம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்து, அதை அவர் மடியில் விரித்து உட்காரவைக்கலாம் என்றாள். துண்டைக் கொடுத்ததும் மகள் மோந்து பார்த்தாள். சரி என்றாள்.

நான் வேறொரு ஏற்பாடு செய்தேன். அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. முனியப்பன் கோயிலில் நாலைந்து குடும்பம் கிடா வெட்டுகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தேன். கறி வெட்டுகிற இடத்தில் காக்காவுக்கா பஞ்சம்? சமையல் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற சுற்றுச்சுவர் முழுக்க அவைதான். மச்சானுக்கு அங்கே இலை போடுவது என்று முடிவு செய்துகொண்டேன். நாய் ஏற முடியாத உயரம். ஈரல் துண்டு நான்கு எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லிச் சமையல்காரரிடம் சொன்னேன். தெய்வத்தை நம்பாதவன் காக்காவின் வயிற்றை நம்பினேன்.

அந்தச் சிவப்புக் கல் தோட்டைத்தான் போட்டோம். பச்சைத் துண்டின் இரண்டு முனையையும் இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது காதையும் குத்தினார். சத்தம் இல்லை. "இந்த மாதிரிப் புள்ளய நா பாத்ததே இல்லீங்க" என்றார் ஆசாரி. மடி கொடுத்த பெரியப்பா மகன் குனிந்துகொண்டே இருந்தார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள்.

பிறகு இலை போட்டோம். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றேன். கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் கையை எடுப்பதற்குள் ஒரு காக்கா இறங்கி, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது.

"மாமா, பாரு. அழல" என்று அவள் ஒரு காதைத் திருப்பிக் காட்டினாள். மறு காதையும் காட்டினாள்.

காக்கா ஈரலைக் கவ்விக்கொண்டு பறந்தது. எல்லாம் நான் செய்த ஏற்பாடு. ஒன்றுவிடாமல் எனக்குத் தெரியும். இருந்தும் மகளைக் கீழே இறக்கிவிட்டதும் கை தானாகக் குவிந்தது. கருமாதியன்று வராத பேச்சு அப்போது வந்தது. போயிட்டு வா மச்சான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

பந்தி நடந்தது. மகள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள் என்று மனைவி வந்து சொன்னாள். வெகுநாளைக்குப் பிறகு மனைவி முகத்தில் ஒரு தெளிச்சல். சமையல்காரருக்குக் கணக்கு முடித்துக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது பிள்ளையைக் காணோம். கோயில் வாசலில், ரோட்டைப் பார்த்தபடி கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பச்சைத் துண்டு. பக்கத்தில், இத்தனை நாளும் பிரிக்காமல் சேர்த்துவைத்திருந்த மிட்டாய் எல்லாம்.

"இங்க ஏன் கண்ணு ஒக்காந்திருக்க? வூட்டுக்குப் போலாம் வா."

"இருப்பா. மாமா வண்டி வரும்."

மடியில் கிடந்த துண்டை நீவிவிட்டாள்.

"கோவம் போயிருச்சுல்ல. இனிமே வந்துருவாருல்ல."

ரோட்டில் ஒரு தக்காளி வண்டி வந்தது. எழுந்து நின்றாள். அது நிற்காமல் போயிற்று. மறுபடி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளைக்கு வருவார் என்று சொல்லலாம். சாமி லீவு விடவில்லை என்று சொல்லலாம். எத்தனையோ வந்தது வாய்க்கு.

"வரமாட்டாரு கண்ணு" என்றேன். "கோவமே இல்லன்னாலும் வர முடியாது. செத்துப்போனவங்க வரமாட்டாங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். காதில் அந்தச் சிவப்புக் கல் இரண்டு பக்கமும் மின்னியது. ஊசிக்கு அழாத பிள்ளை, துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.